எண்ணெய் சென்ற கடல்வழி – 11: அடைபட்ட கால்வாயும் வளர்ந்த கப்பலும்

யுத்தங்களின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் படைகள் சென்ற வழியை மிகுந்த சிரத்தையோடு வரைந்து காட்டுகிறார்கள். சரக்குகள் சென்ற வழி எது, அது அடைபட்டபோது அவை எத்திசையில் திரும்பின, சமாதானம் வந்த பிறகும் பழைய வழிக்கு ஏன் வராமலே போயின என்ற கேள்விகளுக்கு அவர்களுடைய ஏடுகளில் பெரும்பாலும் இடம் கிடைப்பதில்லை. ஆனால் 1967-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஆறே நாட்கள் நடந்து ஓய்ந்த ஒரு யுத்தம், உலகத்துக் கச்சா எண்ணெய்க் கப்பல்களின் அளவையும், அவை ஒதுங்கும் துறைமுகங்களையும், அவற்றைக் கட்டும் தேசங்களையும், முடிவில் எண்ணெயின் விலையை நிர்ணயிக்கும் அதிகாரத்தையுமே இடம் மாற்றிவிட்டது என்பதை நினைத்தால், போர்க்களத்தில் வென்றவர் தோற்றவர் கணக்கைவிட இந்தக் கணக்கே நெடுங்காலம் நிலைத்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இந்த அத்தியாயம் முழுவதையும் அந்தக் கணக்குக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

1869 நவம்பரில் திறக்கப்பட்ட சூயஸ் கால்வாய், எகிப்து தேசத்து மணற்பரப்பின் ஊடே ஏறத்தாழ நூறு மைல் நீளத்துக்கு வெட்டப்பட்ட ஒரு நீர்வழி. யுத்த காலத்திலும் சமாதான காலத்திலும் எந்த நாட்டுக் கப்பலுக்கும் அது திறந்தே இருக்க வேண்டும் என்று 1888-இல் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய வல்லரசுகள் உடன்படிக்கை செய்துகொண்டன. எண்ணெய்க் கப்பல்களைத் தீ விபத்துக்கு அஞ்சி நெடுநாள் விலக்கி வைத்திருந்த கால்வாய்க் கம்பெனி, மார்க்கஸ் சாமுவேல் என்ற லண்டன் வியாபாரி பாதுகாப்பு விதிகளுக்கு இணங்கக் கட்டுவித்த ‘மூரெக்ஸ்’ என்ற கப்பலை 1892 ஆகஸ்டில் உள்ளே அனுமதித்தது. அன்று அந்தக் கப்பல் ருஷ்ய நாட்டு மண்ணெண்ணெயைச் சுமந்துகொண்டு கிழக்கு நோக்கி வந்தது. அரை நூற்றாண்டுக்குள் பாரசீகமும் ஈராக்கும் குவைத்தும் சவூதி அரேபியாவும் எண்ணெய் பூமிகள் ஆகிவிடவே, பிரவாகம் திசை மாறி மேற்கு நோக்கிப் பாய ஆரம்பித்தது. இரண்டாவது உலக யுத்தத்துக்குப் பின் நிலக்கரியை விட்டு எண்ணெயைப் பற்றிக்கொண்ட மேற்கு ஐரோப்பா, 1955 வாக்கில் தனக்கு வேண்டிய எண்ணெயில் மூன்றில் இரண்டு பங்கை இந்த ஒரே வாய்க்காலின் வழியாகப் பெற்றுக்கொண்டிருந்தது. ஈராக்கின் கிர்க்கூக்கிலிருந்து சிரியா வழியாக மத்தியதரைக் கடலுக்கு வந்த குழாய்களும், சவூதி அரேபியாவிலிருந்து லெபனான் தேசத்து சைதா துறைமுகத்துக்கு 1950-இல் போட்டு முடிக்கப்பட்ட ‘டாப்லைன்’ என்ற நெடுங்குழாயும் மற்றொரு பகுதியைக் கொண்டுவந்தன; ஆனால் அவையும் பகைமை கொதித்துக்கொண்டிருந்த அதே பிரதேசத்து மண்ணின்மேல்தான் கிடந்தன.

1956-இன் சம்பவங்களைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். ஜூலை 26-ஆம் தேதி அலெக்சாண்டிரியாவில் ஜனசமுத்திரத்தின் முன் நின்ற எகிப்திய ஜனாதிபதி நாசர் கால்வாயைத் தேசவுடைமை ஆக்கினார். அக்டோபர் கடைசியில் இஸ்ரேலும், அதைத் தொடர்ந்து பிரிட்டனும் பிரான்சும் படையெடுத்தன. எகிப்தியர் பழைய கப்பல்களையும் தூர்வாரும் மிதவைகளையும் டஜன் கணக்கில் கால்வாயிலேயே மூழ்கடித்து அதை அடைத்தார்கள். நவம்பர் மூன்றாம் தேதி சிரியாவில் ஈராக் குழாயின் எண்ணெயேற்று நிலையங்கள் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டன. பிரிட்டனும் பிரான்சும் படைகளை வாபஸ் வாங்கச் சம்மதிக்கும் வரையில் அமெரிக்க சர்க்கார் உதவி எண்ணெயை அனுப்ப மறுத்துவிட்டது. டிசம்பர் 17 முதல் பிரிட்டனில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. ஐக்கிய நாடுகள் சபையின் சார்பில் ஜெனரல் வீலர் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் தலைமையில் மூழ்கிய கப்பல்கள் அகற்றப்பட்டு, 1957 ஏப்ரலில் கால்வாய் மறுபடியும் திறந்தது. ஐந்து மாதத் துன்பம் அவ்வளவே. ஐரோப்பிய ராஜதந்திரிகள் பெருமூச்சு விட்டுப் பழைய வழக்கத்துக்குத் திரும்பிவிட்டார்கள்.

கப்பல் முதலாளிகள் அப்படித் திரும்பவில்லை. கால்வாய் மூடிக் கிடந்த காலத்தில், ஆப்பிரிக்காவின் தென்முனையாகிய நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு எண்ணெயைக் கொண்டுவந்தவர்கள் ஒரு சிறிய கணிதத்தைப் போட்டுப் பார்த்திருந்தார்கள். ஒரு கப்பலின் நீளமும் அகலமும் ஆழமும் இருமடங்காகும்போது அது கொள்ளும் சரக்கு எட்டு மடங்காகிறது; அதைக் கட்ட வேண்டிய எஃகோ அந்த விகிதத்தில் ஏறுவதில்லை; நடத்துகிற மாலுமிகளின் தொகை ஏறக்குறைய அப்படியே நின்றுவிடுகிறது. போர்க்காலத்து அமெரிக்க எண்ணெய்க் கப்பல் 16,500 டன் சுமந்தது. கால்வாய்க்குள் நுழையும் கப்பல் 1956-இல் 35 அடிக்கு மேல் நீரில் அமிழக் கூடாது என்பது விதியாகையால், முப்பதாயிரம் டன் அளவுக்கு மேற்பட்ட கப்பலைக் கட்டுவதில் அதுவரை யாருக்கும் பெரிய ஆசை பிறக்கவில்லை. கால்வாயே வேண்டாம் என்று தீர்மானித்துவிட்டால் அந்த வரம்பு மறைந்துபோகும். தூரம் நீண்டாலும் ஒரு டன்னுக்கு விழும் செலவு குறையும். இதை முதலில் தெளிவாகக் கண்டவர்களுள் ஒருவர் டேனியல் லட்விக் என்ற அமெரிக்கர். ‘யமாட்டோ’ என்ற மாபெரும் யுத்தக் கப்பலை ஜப்பானியர் கட்டிய கூரே கடற்படைத் தளத்தின் தொட்டிகளை அவர் 1951-இலேயே குத்தகைக்கு எடுத்திருந்தார். தோல்வியுற்ற ஒரு கடற்படையின் வெறிச்சோடிய பட்டறையில், யமாட்டோவின் இரும்புத் தகடுகளை இணைத்த அதே ஊரின் கைகள் 1956-இல் எண்பத்தையாயிரம் டன் கப்பலையும், 1959-இல் உலகிலேயே முதன்முறையாக ஒரு லட்சம் டன்னைத் தாண்டிய ‘யூனிவர்ஸ் அப்போலோ’வையும் கட்டி முடித்தன. 1966-இல் ஜப்பானிய எண்ணெய்க் கம்பெனி ஒன்று கடலில் விட்ட ‘இதெமித்சு மாரு’ இரண்டு லட்சம் டன்னையும் தாண்டியது.

ஆகவே பெருங்கப்பலை 1967-ஆம் வருஷத்து யுத்தம் பிறப்பித்தது என்று சொல்வது நியாயமாகாது. அது அதற்கு முன்பே பிறந்துவிட்டது. எகிப்தியரும் சும்மா இருக்கவில்லை; 1964-க்குள் கால்வாயை 38 அடிக்கு ஆழப்படுத்தி, அறுபதாயிரம் டன் கப்பல்கள் முழுச் சுமையோடு செல்ல வழி செய்திருந்தார்கள். 1966-இல் இருபத்தோராயிரத்துக்கும் மேற்பட்ட கப்பல்கள் அதன் வழியே சென்றன. சரக்கில் பெரும்பகுதி எண்ணெய். இரண்டு மார்க்கங்களுக்கும் இடையே போட்டி சமபலத்தில் நடந்துகொண்டிருந்த காலம் அது. பெரிய கப்பல் என்ன ஆபத்தைத் தன் வயிற்றில் சுமந்து வருகிறது என்பதற்கும் அப்போதே ஓர் எச்சரிக்கை கிடைத்தது. குவைத்திலிருந்து 1,19,000 டன் கச்சா எண்ணெயோடு ஆப்பிரிக்காவைச் சுற்றி வந்த ‘டோரி கேன்யன்’, பிரிட்டனின் மில்ஃபோர்டு ஹேவன் துறைமுகத்தில் அன்றைய வேலியேற்றத்தைத் தவறவிட்டால் நாட்கணக்கில் காத்திருக்க நேரும் என்ற அவசரத்தில் குறுக்கு வழியில் திருப்பப்பட்டு, 1967 மார்ச் 18-ஆம் தேதி கார்ன்வால் கரைக்கு அப்பாலுள்ள பாறைகளில் மோதியது. எண்ணெயைக் கொளுத்திவிடும் நோக்கத்தோடு பிரிட்டிஷ் சர்க்கார் அந்தக் கப்பலின்மேல் விமானங்களைக் கொண்டு குண்டு வீசச் செய்தது. கரையெங்கும் கறுத்துப்போன அந்தக் காட்சியை ஐரோப்பா ஆர அமர யோசித்துப் பார்ப்பதற்குள் ஜூன் மாதம் வந்துவிட்டது.

ஜூன் 5-ஆம் தேதி காலை, சூயஸ் பட்டணத்திலிருந்து வடக்கு நோக்கிப் புறப்பட்ட கப்பல் வரிசை கால்வாய்க்குள் சென்றுகொண்டிருந்தபோது, இஸ்ரேலிய விமானங்கள் கால்வாயை ஒட்டிய எகிப்திய விமானதளங்களைத் தாக்கின. கப்பல்களைப் பெரிய கசப்பு ஏரி என்று பெயர் பெற்ற இடைவழி நீர்நிலையில் நங்கூரமிடும்படி உத்தரவு வந்தது. மறுநாள் எகிப்து கால்வாயை மூடியது; சண்டை ஓய்ந்தபோது இஸ்ரேலியப் படை கிழக்குக் கரையில் நின்றது, எகிப்தியப் படை மேற்குக் கரையில் நின்றது, இரு முனைகளிலும் மூழ்கடிக்கப்பட்ட கலங்கள் வழியை அடைத்துக் கிடந்தன. பதினான்கு கப்பல்கள் ஏரியிலும், அமெரிக்கக் கப்பல் ஒன்று தனியாக வடக்கேயுள்ள திம்சா ஏரியிலும் அகப்பட்டுக்கொண்டன. பிரிட்டன், மேற்கு ஜெர்மனி, ஸ்வீடன், பிரான்ஸ், அமெரிக்கா ஆகிய நாடுகளின் கொடிகளோடு போலந்து, பல்கேரியா, செக்கோஸ்லோவாக்கியா ஆகிய கம்யூனிஸ்டு நாடுகளின் கொடிகளும் அந்த ஒரே நீர்ப்பரப்பில் பறந்தன. சில நாட்கள் என்று எண்ணியவர்கள் சில வாரங்கள் என்றார்கள். வாரங்கள் வருஷங்கள் ஆயின. கம்பெனிகள் மாலுமிகளைச் சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றி அனுப்பின. காவலுக்கு வேண்டிய ஆட்களைக் குறைப்பதற்காகக் கப்பல்களை ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டினார்கள்.

அந்த அக்டோபரிலேயே அவர்கள் தங்களுக்குள் ஒரு சங்கம் அமைத்துக்கொண்டார்கள். ஒரு கப்பலின் விசாலமான தளத்தில் பந்தாட்டம், மற்றொன்றில் சினிமா, வேறொன்றில் ஞாயிற்றுக்கிழமை ஜபம் என்று முறை வகுத்துக்கொண்டு, 1968-இல் மெக்ஸிகோவில் ஒலிம்பிக் பந்தயங்கள் நடந்த சமயத்தில் இங்கே தங்களுக்கென்று ஒரு ஒலிம்பிக்கையே நடத்தினார்கள். கையால் வரைந்து அச்சடித்த தபால் தலைகளை ஒட்டிக் கடிதங்கள் அனுப்பினார்கள். எகிப்தியத் தபால் இலாகா அவற்றை ஏற்றுக் கொண்டுபோய்ச் சேர்த்தது. இருபுறத்துப் பாலைவனத்திலிருந்தும் காற்று அள்ளி வந்த மணல் தளங்களின்மேல் படிந்து படிந்து கப்பல்கள் யாவும் ஒரே நிறமாகிப் போயினவாதலால், ‘மஞ்சள் கப்பற்படை’ என்ற பெயர் உலகெங்கும் பரவிவிட்டது. இவற்றுள் ஒன்றுகூட எண்ணெய்க் கப்பல் அன்று. ஆயினும் இந்த அத்தியாயத்தில் அவற்றுக்கு இவ்வளவு இடம் கொடுக்கிறேன் என்றால், அந்த எட்டு வருஷங்களில் வெளியே கடலில் ஓடிய கப்பல்கள் எப்படி மாறின என்பதை அளந்து பார்க்க, மாறாமல் நின்ற இந்தப் பதினான்கைவிட நல்ல அளவுகோல் கிடைக்காது.

குவைத்திலிருந்து வடமேற்கு ஐரோப்பாவின் துறைமுகங்களுக்குக் கால்வாய் வழியாகச் சுமார் 6,500 கடல் மைல். நன்னம்பிக்கை முனை வழியாகச் சுமார் 11,300. மணிக்குப் பதினைந்து கடல் மைல் ஓடும் கப்பலுக்குப் பதினெட்டு நாளாக இருந்த ஒருவழிப் பிரயாணம் முப்பத்தொரு நாளாயிற்று என்றால், ஐரோப்பா ஒரு பீப்பாய்கூட அதிகமாகக் கேட்காத நிலையிலும், அதே எண்ணெயைக் கொண்டு சேர்க்க, அந்த வழியில் ஓடிய கப்பல்களில் ஏறக்குறைய முக்கால் பங்கு கூடுதலாக வேண்டியிருந்தது. போதாக்குறைக்கு அரபு நாடுகள் சில அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் எண்ணெய் விற்க மாட்டோம் என்றன. அவ்வருஷம் ஜூலையில் நைஜீரியாவில் பயாஃப்ரா யுத்தம் மூண்டு, ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து வந்த எண்ணெயும் தடைப்பட்டது. கப்பல் வாடகை கிடுகிடுவென்று ஏறியது.

இதன் பாரம் எண்ணெயோடு நிற்கவில்லை. லண்டனிலிருந்து பம்பாய் 6,200 கடல் மைலாக இருந்தது 10,800 ஆயிற்று. சோவியத் துறைமுகமான ஒடேஸாவிலிருந்து பம்பாய்க்கு 4,200 மைலாக இருந்த தூரம் ஏறக்குறைய மும்மடங்காகி 11,800-க்குப் போய்விட்டது. ஈரானிய, அமெரிக்கக் கம்பெனிகளின் கூட்டுறவோடு நம் சர்க்கார் சென்னையை அடுத்த மணலியில் 1969-இல் இயக்கத் தொடங்கிய சுத்திகரிப்பு ஆலைக்கு வேண்டிய கச்சா எண்ணெய், கால்வாயின் முகத்தையே பாராமல் பாரசீக வளைகுடாவிலிருந்து நேரே வரக்கூடியதுதான். ஆயினும் எண்ணெய்க் கப்பல் எந்தக் கடலுக்கும் போகக்கூடியதாகையால் அதன் வாடகைக்கு உலகம் முழுவதும் ஒரே சந்தை. எங்கோ ஓரிடத்தில் கப்பலுக்குப் பஞ்சம் என்றால் அந்தப் பஞ்சத்தின் விலையை எல்லாத் துறைமுகங்களுமே செலுத்த வேண்டியிருக்கிறது.

கால்வாயை இழந்த எகிப்தின் கதியும் விசித்திரமானது. அவ்வருஷம் ஆகஸ்டு கடைசியில் கார்ட்டூமில் கூடிய அரபு நாட்டுத் தலைவர்கள், சவூதி அரேபியா ஐந்து கோடி பவுன், குவைத் ஐந்தரைக் கோடி, லிபியா மூன்று கோடி என்று ஆண்டுதோறும் எகிப்துக்கும் ஜோர்டானுக்கும் கொடுப்பதாக ஏற்றுக்கொண்டார்கள். அதே சமயத்தில் எண்ணெய் விற்பனைக்கு விதித்த தடையையும் நீக்கிக்கொண்டார்கள். சுங்கம் வசூலித்து வந்த நாடு மானியம் வாங்கும் நாடாயிற்று. நாசரின் கௌரவத்தை உடைத்தது சினாயில் நடந்த சண்டை என்று சொல்வார்கள். இந்த வருடாந்தர மானியத்துக்கும் அதில் பங்குண்டு என்றே நான் கருதுகிறேன்.

கப்பல் கட்டும் ஆர்டர்களோ வெள்ளம்போல் ஜப்பானை நோக்கிப் பாய்ந்தன. கல்ஃப் என்ற எண்ணெய்க் கம்பெனி லட்விக்கிடமிருந்து ஆறு கப்பல்களை நீண்டகால வாடகைக்குப் பேசி, அவற்றுள் முதலாவதாகிய ‘யூனிவர்ஸ் அயர்லாந்து’ 1968-இல் மூன்று லட்சத்து இருபத்தாறாயிரம் டன் கொள்ளளவோடு வெளிவந்தது. நிறை சுமையோடு ஏறத்தாழ எண்பது அடி நீருக்குள் இறங்கும் அந்தக் கப்பலை ஏற்றுக்கொள்ள ஐரோப்பாவின் பெருந்துறைமுகங்கள் எதற்கும் ஆழம் போதவில்லை. ஆகையால் அயர்லாந்தின் தென்மேற்கு மூலையில், மீனவர்களும் ஆட்டு மந்தைகளுமே அறிந்திருந்த பாண்ட்ரி விரிகுடாவின் விடித் தீவில் தொட்டிகளைக் கட்டி, குவைத்திலிருந்து வந்த எண்ணெயை அங்கே இறக்கி, சிறு கப்பல்களில் மாற்றி ஐரோப்பாவெங்கும் அனுப்பினார்கள். அந்த விரிகுடாவுக்கும் 1967 யுத்தத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு, 1979 ஜனவரியில் ‘பெட்டல்ஜூஸ்’ என்ற பிரெஞ்சுக் கப்பல் அந்தத் துறையிலேயே வெடித்து ஐம்பது பேர் மாண்டார்கள் என்பதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. ராட்டர்டாம் தன் கடல்வாயைத் தோண்டித் தோண்டி ஆழப்படுத்தியது; ஆழப்படுத்த இயலாத பழைய துறைமுகங்கள் பல பெரிய வியாபாரத்தை இழந்து பின்தங்கின.

இனி அந்த நீண்ட வழியின் ஆபத்துகளைப் பார்ப்போம். ஆப்பிரிக்காவின் தென்கிழக்குக் கரையை ஒட்டி அகுல்ஹாஸ் என்ற வெந்நீரோட்டம் தெற்கு நோக்கி ஓடுகிறது. தென்மேற்கிலிருந்து புயலலை எதிர்த்து வரும்போது, அலைகள் செங்குத்தாக எழும்பி, அவற்றுக்கு முன்னே ஆழ்ந்த பள்ளம் விழுகிறது என்பது அந்தக் கடலில் ஓடும் மாலுமிகளின் அனுபவம். குவைத் எண்ணெயோடு ஸ்பெயினுக்குச் சென்ற ‘வர்ல்ட் குளோரி’ 1968 ஜூனில் டர்பனுக்கு அப்பால் அத்தகைய அலையில் இரண்டாக முறிந்துபோயிற்று. அதே வருஷத்தில் கேப் முனையருகே சேதமடைந்த மற்றொரு கப்பலின் எண்ணெய் அக்கரையின் பெங்குவின் பறவைகளைப் பீடித்தபோது, அவற்றைக் கழுவிக் காப்பாற்றுவதற்கென்றே கேப்டவுன் வாசிகள் ஒரு சங்கத்தை நிறுவ வேண்டியதாயிற்று.

இவை வெளிக்கடலின் ஆபத்துகள். கப்பலின் வயிற்றுக்குள்ளேயே ஒளிந்திருந்த ஆபத்தை 1969 டிசம்பர் மாதம் வெளிப்படுத்தியது. அம்மாத நடுவில், ஐரோப்பாவில் எண்ணெயை இறக்கிவிட்டு வெறுமையாக வளைகுடாவுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ‘மர்ப்பெஸா’ என்ற இரண்டு லட்சம் டன் கப்பல், தன் கன்னிப் பிரயாணத்திலேயே மேற்கு ஆப்பிரிக்காவில் டக்கார் பட்டணத்துக்கு அப்பால் வெடித்து மூழ்கியது; அதுவரை கடலில் மூழ்கிய கப்பல்களில் அதற்கு ஈடான பெரிய கப்பல் இல்லை. டிசம்பர் 29-ஆம் தேதி மொசாம்பிக் கால்வாயில் ‘மக்ட்ரா’ வெடித்தது. மறுநாள் மேற்கு ஆப்பிரிக்கக் கடலில் நார்வே தேசத்து ‘காங் ஹாகோன்’ வெடித்தது. மூன்றும் புத்தம் புதிய கப்பல்கள். மூன்றும் வெறுமையாகத் திரும்பியவை. மூன்றிலும் அந்த நேரத்தில் தொட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். சிறிய கப்பல்களில் அதே முறையில் தொட்டி கழுவி வந்திருந்த மாலுமிகளுக்கு இது விளங்கவே இல்லை. ஆராய்ந்து பார்த்ததில், கோயில் மண்டபம்போல் விசாலித்த தொட்டிக்குள் மிகுந்த வேகத்தோடு நீரைப் பீய்ச்சும்போது எழும் நீர்த்துகள் மூட்டம் மின்னேற்றம் பெறுகிறது என்பதும், சிறு தொட்டியில் தீங்கின்றி அடங்கிப்போன அந்த ஏற்றம் பெருந்தொட்டியில் பொறியாகத் தெறித்து, எஞ்சி நின்ற எண்ணெய் ஆவியைப் பற்றவைக்கக் கூடும் என்பதும் தெரியவந்தன. கொதிகலனிலிருந்து வெளியேறும் புகையையே கழுவிக் குளிரவைத்து, பிராணவாயு மிகக் குறைந்த அந்த வாயுவால் தொட்டியை நிரப்பிவிட்டால் தீ மூளாது என்ற உபாயம் அதன் பிறகே பெருங்கப்பல்களில் பரவியது. சர்வதேச விதிகளும் பின்னர் அதைக் கட்டாயம் ஆக்கின. இன்று எந்த எண்ணெய்க் கப்பலிலும் மாலுமி நிம்மதியாகத் தொட்டி கழுவுகிறான் என்றால், அந்த டிசம்பரில் மாண்டவர்களுக்கு அவன் கடன்பட்டிருக்கிறான். அளவு மாறும்போது பழைய அனுபவம் செல்லாக்காசு ஆகிவிடக்கூடும் என்பதை, வாடகைக் கணக்கு மாத்திரம் போட்டுக்கொண்டிருந்தவர்கள் யோசிக்கவில்லை. அவர்களுடைய அவசரத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அதிகாரம் இடம் மாறிய கதைக்கு வருவோம். லிபியா 1961-இல்தான் எண்ணெயை ஏற்றுமதி செய்யத் தொடங்கிய நாடு. ஆனால் அதன் துறைமுகங்கள் மத்தியதரைக் கடலின் மேல், கால்வாய்க்கு மேற்கே இருந்தன. கால்வாய் மூடியவுடன் அந்த எண்ணெய் ஐரோப்பாவின் வாசற்படியிலேயே கிடைக்கும் சரக்காகிவிட, கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு இறைத்து, 1970-இல் நாளொன்றுக்கு முப்பது லட்சம் பீப்பாய்க்கு மேல் எடுத்தன. அதற்கு முந்தைய செப்டம்பரில் மன்னரை நீக்கி ஆட்சியைக் கைப்பற்றியிருந்த கடாஃபி என்ற இளம் ராணுவ அதிகாரி, தம் நாட்டு எண்ணெய்க்குக் கப்பல் கூலி மிச்சமாகிறதே, அந்த மிச்சம் யாருக்குச் சேர வேண்டும் என்று கேட்டார். கேட்டுக்கொண்டிருக்கும்போதே, 1970 மே மாதம், சிரியாவில் மண் வாரும் இயந்திரம் ஒன்று மோதி டாப்லைன் குழாய் உடைந்தது. சிரிய சர்க்கார் பழுதுபார்க்க அனுமதி தரவில்லை. நாளொன்றுக்குச் சுமார் ஐந்து லட்சம் பீப்பாய் எண்ணெய் சைதாவுக்கு வராமல், ஆப்பிரிக்காவைச் சுற்றி வர வேண்டியதாயிற்று. உலகத்தில் ஓய்ந்திருந்த கப்பல் ஒன்றுகூட மிஞ்சவில்லை. வாடகை மறுபடியும் ஏற, லிபிய எண்ணெயின் அருமையும் அதே அளவில் ஏறியது.

கடாஃபியின் சர்க்கார் எல்லாக் கம்பெனிகளையும் ஒரே சமயத்தில் எதிர்க்கவில்லை. லிபியாவை விட்டால் ஐரோப்பாவுக்கு அனுப்ப வேறு எண்ணெய் இல்லாத ஆக்ஸிடென்டல் கம்பெனியைத் தேர்ந்தெடுத்து, உற்பத்தியைக் குறைக்கும்படி உத்தரவுக்கு மேல் உத்தரவு போட்டது. அதன் தலைவர் ஆர்மண்டு ஹாமர், மாற்று எண்ணெய் கொடுத்துத் தம்மைத் தாங்கும்படி பெருங்கம்பெனி ஒன்றின் தலைவரைக் கேட்டுப் பார்த்தார். கேட்ட விலைக்குக் கிடைக்கவில்லை. செப்டம்பர் ஆரம்பத்தில் அவர் பணிந்தார். பீப்பாய்க்கு முப்பது சென்ட் விலையேற்றமும், லாபத்தில் சரிபாதிக்கு மேல் வரியும் ஒப்புக்கொள்ளப்பட்டன. மற்றக் கம்பெனிகளும் ஒவ்வொன்றாகப் பணிந்தன. லிபியாவுக்குக் கிடைத்தது தங்களுக்கு ஏன் இல்லை என்று வளைகுடா நாடுகள் எழுந்தன. 1971 பிப்ரவரி 14-இல் தெஹ்ரானில் அவையும் வென்றன. 1973-இன் விலையேற்றத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவ்வருஷத்து அக்டோபர் யுத்தத்தையே காரணம் காட்டுகிறார்கள். கம்பெனிகளை வளைக்க முடியும் என்று எண்ணெய் நாடுகள் கற்றுக்கொண்டது அதற்கு மூன்று வருஷம் முன்பே. கற்றுக்கொடுத்தது மூடிக் கிடந்த கால்வாயும் உடைந்த குழாயும் உண்டாக்கிய கப்பல் பஞ்சம்.

இடையில் குழாய்களும் புது வழி கண்டன. இஸ்ரேல் தன் வசமிருந்த எய்லாத் துறையிலிருந்து மத்தியதரைக் கடற்கரை அஷ்கெலோனுக்கு, ஷாவின் ஈரானோடு கூட்டுச் சேர்ந்து, 42 அங்குல விட்டமுள்ள குழாயைப் போட்டு ஈரானிய எண்ணெயைக் கடத்தியது. எகிப்தோ, சவூதி அரேபியா, குவைத், அபுதாபி, கத்தார் ஆகியவற்றின் மூலதனத்தோடு, சூயஸ் வளைகுடாவின் ஐன் சுக்னாவிலிருந்து அலெக்சாண்டிரியாவுக்கு அருகே சிதி கெரீர் வரை 320 கிலோமீட்டர் தூரத்துக்கு இரட்டைக் குழாய்களை அமைத்து, 1977-இல் ‘சுமெட்’ என்ற பெயரில் திறந்தது. பெருங்கப்பல் கால்வாய்க்குள் நுழைய முடியாவிட்டால் அதன் எண்ணெயையாவது தன் மண்ணின் வழியே அனுப்பிச் சுங்கம் பெறலாம் என்ற யோசனை அது. எகிப்து எடுத்த தீர்மானங்களில் மிகுந்த விவேகமானது இதுவே என்பேன்.

1973 அக்டோபர் யுத்தத்துக்குப் பின் சமாதானப் பேச்சு நடந்து, பல நாட்டுக் கடற்படைகள் கால்வாயிலிருந்து வெடிகுண்டுகளையும் மூழ்கிய கலங்களையும் அகற்றின. 1975 ஜூன் 5-ஆம் தேதி, யுத்தம் மூண்ட நாளிலிருந்து சரியாக எட்டு வருஷம் கழித்து, ஜனாதிபதி சதாத் அதை மறுபடியும் திறந்து வைத்தார். மஞ்சள் கப்பற்படையில் இரண்டு ஜெர்மன் கப்பல்கள் மட்டும், அதற்குச் சில நாட்கள் முன்பு, தங்கள் இயந்திரங்களின் பலத்தாலேயே ஹாம்பர்க் துறைமுகத்தை அடைந்தன. அவை புறப்பட்ட காலத்தில் பெரிய கப்பல்களாக மதிக்கப்பட்டிருக்கலாம். இப்போது ஹாம்பர்க் வாசிகளின் கண்ணுக்கு அவை சிறியனவாகத் தோன்றியிருக்க வேண்டும். தேரைப் பெரிதாகக் கட்டிவிட்ட பிறகு ரதவீதியைத் திறந்து என்ன பயன் என்ற நிலைதான் கால்வாய்க்கும் நேர்ந்தது. அதன் ஆழம் அதே 38 அடி. வெளியே ஓடிய எண்ணெய்க் கப்பல்களில் பெரும்பங்கு நிறை சுமையோடு அதற்குள் நுழையவே முடியாதவை.

கப்பல் முதலாளிகளும் தப்பவில்லை. கால்வாய் என்றென்றும் மூடியே இருக்கும், ஐரோப்பாவின் பசியும் என்றென்றும் வளர்ந்துகொண்டே இருக்கும் என்ற இரண்டு நம்பிக்கைகளின்மேல் கட்டப்பட்ட அந்தக் கப்பல்கள், விலை நான்கு மடங்காகி எண்ணெயின் தேவை சுருங்கிய காலத்தில்தான் பட்டறைகளிலிருந்து வெளிவந்தன. பிரான்சின் சேன் நஸேர் பட்டறையில் 1976-இல் முடிக்கப்பட்ட ‘பாத்தியூஸ்’ 414 மீட்டர் நீளமும், ஐந்தரை லட்சம் டன் கொள்ளளவும் உடையது. இரண்டு சுழல் இயந்திர அச்சுகளும் இரண்டு சுக்கான்களும் வைத்துக் கட்டிய அந்த அற்புதத்துக்கு வேண்டிய சரக்கு அகப்படாமல், அது நார்வேயின் கடற்கழியில் நங்கூரமிட்டு முடங்கிக் கிடந்தது. அதைச் சுற்றி, நார்வேயிலும் கிரேக்கத்திலும், இன்னும் எத்தனையோ பெருங்கப்பல்கள் அவ்வாறே முடங்கின. பத்து வயது நிரம்புவதற்குள் பாத்தியூஸ் தைவானின் கௌஷியுங் துறைமுகத்துக்குக் கொண்டு செல்லப்பட்டு உடைக்கப்பட்டது.

எகிப்து, ஜப்பானியரின் பண உதவியோடும் தூர்வாரும் இயந்திரங்களோடும், கால்வாயை 53 அடிக்கு ஆழப்படுத்தும் வேலையைத் தொடங்கி 1980-இன் இறுதியில் முடித்தது. ஒன்றரை லட்சம் டன் கப்பல் இனி நிறை சுமையோடு செல்லலாம் என்றாயிற்று. கப்பல் கட்டுவோரும் அந்த அளவுக்கே ஒரு வகையை வகுத்து, ‘சூயஸ்மாக்ஸ்’ என்று பெயரிட்டுக்கொண்டார்கள். விரிவுபட்ட கால்வாயின் விழாவுக்கு ஏற்பாடுகள் நடந்துகொண்டிருந்த அந்த செப்டம்பர் மாதம் 22-ஆம் தேதி, அந்தக் கால்வாய்க்கு எண்ணெயை அனுப்பிக்கொண்டிருந்த பாரசீக வளைகுடாவிலேயே ஈராக்கின் விமானங்கள் ஈரானின்மேல் பறந்தன. இதுவரை நாம் கண்ட யுத்தங்கள் கப்பலின் வழியை மறித்தன. அந்த எட்டு வருஷத்து யுத்தத்தில் கப்பலே குறியாயிற்று. கார்க் தீவிலிருந்து ஹோர்முஸ் ஜலசந்தி வரையிலான அந்தக் கதையை அடுத்த அத்தியாயத்தில் சொல்கிறேன்.